மணம் கிருமியைக் கொல்வதில்லை: யாழ்ப்பாண வீடுகளும் தொற்றுநீக்கிகளும்

பினாயில் மணக்காவிட்டால் வீடு கழுவியதாகவே நம்மில் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. செத்தவீடு முடிந்து துடக்குக் கழிக்கும் நாளிலும், நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளிலும், மாரி வெள்ளம் விறாந்தை வரை ஏறி வடிந்த மறுநாளிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர், அதில் கண்ணளவாக ஊற்றிய ஏதோ ஒரு திரவம், தும்புத்தடியால் ஒரு தேய்ப்பு. தண்ணீர் பாலாக வெளுத்து, மணம் மூக்கில் ஏறியதும் கிருமி ஒழிந்தது என்று மனம் ஆறுகிறது. அந்த வாளிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, அது எந்தக் கிருமியை எவ்வளவு நேரத்தில் கொல்லும், நமது கிணற்றுத் தண்ணீரோடு சேர்ந்தால் அதன் வலு என்னவாகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. போத்தலில் கொட்டை எழுத்தில் இருப்பது “99.9 சதவீதம்” மட்டுமே.

அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். மீன் வெட்டிய பலகையில் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருந்தால், 99.9 சதவீதம் அழிந்த பின்னும் ஆயிரம் எஞ்சும். பலகையில் ஈரமும் மீன் சாறும் மிச்சமிருந்தால், நமது வெப்பத்தில் அந்த ஆயிரம் மீண்டும் இலட்சமாவதற்குச் சில மணிநேரம் போதும். அந்த எண்ணும் ஆய்வுகூடத்தில் பிறந்தது. குறிப்பிட்ட சில கிருமிகள்மீது, குறிப்பிட்ட செறிவில், குறிப்பிட்ட நிமிடங்கள் பரப்பை ஈரமாக வைத்திருந்து பெற்ற எண் அது. அந்த நிபந்தனைகள் போத்தலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே வாசிக்கத் தகுந்தது.

எதைக் கொல்ல வேண்டும்?

கிருமிகள் எல்லாம் ஒரே அளவு உறுதியானவை அல்ல. மிக எளிதில் சாகின்றவை, கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்கள். இன்ஃபுளுவென்சா, கொரோனா, கொப்புளிப்பான் வைரஸ் ஆகியவை இந்த வகை. சவர்க்காரமே அந்த உறையைக் கிழித்துவிடும். அடுத்த படியில் சாதாரண பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் பூஞ்சணங்கள், அதற்கும் மேல் உறையில்லாத வைரஸ்கள், பிறகு காசநோய்க் கிருமி. உச்சியில் பற்றீரியா வித்திகள், அதாவது சில பற்றீரியாக்கள் தடித்த ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம். வித்திகளைக் கொல்வது வீட்டுத் தொற்றுநீக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு முடியாத காரியம்.

யாழ்ப்பாணத்தில் நாம் அஞ்ச வேண்டியவற்றை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால்தான் தெரிவு தெளிவாகும். நெருப்புக் காய்ச்சல் இலங்கையில் நீண்டகாலமாகப் பதிவாகிவரும் மாவட்டங்களில் நமது மாவட்டமும் ஒன்று. அதைத் தருவது சல்மொனெல்லா இனப் பற்றீரியா. அது ஏணியின் கீழ்ப்படியில் நிற்கிறது. சரியாகப் பயன்படுத்தினால் எந்தத் தொற்றுநீக்கியும் அதைக் கொன்றுவிடும். எலிக்காய்ச்சல் கிருமியும் அப்படித்தான். 2024 நவம்பர் இறுதியில் கொட்டிய பெருமழைக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் கிருமி ஈரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் வாழும். ஆனால் காய்ந்தால் தாங்காது, குளோரீன் பட்டாலும் தாங்காது. சேற்றை வெறுங்காலோடு கழுவுகிறவரின் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே போவதே ஆபத்து. ஆகவே அங்கே போத்தலைவிடச் சப்பாத்தும் கையுறையும் பெரிய பாதுகாப்பு.

கடினமானவை வேறு. செங்கண்மாரியைத் தரும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ வைரசும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும் ரோட்டா, நோரோ வைரஸ்களும் உறையில்லாதவை. மலத்தில் வெளியேறி, கதவுக் கைபிடியிலும் மலசலகூடத்துக் குழாய்த் திருகிலும் ஒட்டிக் காத்திருக்கும். ஹெப்பற்றைற்றிஸ் ஏ வைரஸ் காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வீட்டில் ஒருவருக்குச் செங்கண்மாரி வந்திருக்கும் போது பூமணம் வீசும் தரைத் திரவத்தை நம்பி இருப்பது வீண். அந்தத் திரவம் இந்த வைரசை அசைப்பதில்லை.

டெங்கு இந்தக் கணக்கிலேயே இல்லை. நுளம்பு கடித்துப் பரவும் நோய்க்குத் தரை கழுவிப் பயனில்லை. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் வேலை.

குளோரீன் என்னும் பழைய வேலைக்காரன்

1847 மே மாதம் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையும் முன் மாணவர்கள் குளோரீன் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் அந்தப் பிரிவில் தாய்மாரில் 18 சதவீதத்தினர் இறந்தனர். ஜூனில் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்று நோயைத் தருகிறது என்று அப்போது யாரும் நிறுவியிருக்கவில்லை. அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். கொலரா ஊர் ஊராகச் சூறையாடிய காலத்தில் இங்கு பணியாற்றினார். இரசாயனவியலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். தூய்மைக்குப் பின்னாலுள்ள இரசாயனத்தைத் தமிழிலேயே படிக்கும் வழக்கம் இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டு பழையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பழக்கம் தொடர்ந்திருந்தால் இன்று வெள்ளைப் போத்தல்களிடம் இவ்வளவு எளிதில் ஏமாந்திருக்க மாட்டோம்.

செம்மல்வைஸ் பயன்படுத்திய அதே பொருள்தான் இன்று நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடும் ரி.சி.எல். தூள். புதிதாக இருக்கும் போது அதன் எடையில் 30 முதல் 35 சதவீதம் வரை பயன்படக்கூடிய குளோரீன் இருக்கும். துணி வெளுக்கும் திரவங்களில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று, வழக்கமாக 5 சதவீத அளவில். இரண்டும் தண்ணீரில் ஐப்போகுளோரசு அமிலத்தைத் தருகின்றன. அதுதான் கிருமியின் புரதங்களை ஒட்சியேற்றிச் சிதைப்பது. கிருமியின் ஒரே ஓர் உறுப்பை மட்டும் தாக்காமல் கண்டதை எல்லாம் எரிப்பதால், உறையில்லாத வைரசும் இதற்குத் தப்புவதில்லை. செறிவும் நேரமும் கூடினால் வித்திகளுக்கும் இது எட்டும். வீட்டுக்கு வாங்கக்கூடிய மலிவான பொருள்களில் இத்தனை அகன்ற வீச்சுக் கொண்டது வேறில்லை.

அளவுதான் முக்கியம். சாதாரண பரப்புகளுக்கு 0.1 சதவீதக் கரைசல் போதும். இரத்தம், வாந்தி, மலம் பட்ட இடங்களுக்கும், செங்கண்மாரி நோயாளி பயன்படுத்தும் மலசலகூடத்துக்கும் 0.5 சதவீதம் வேண்டும். 35 சதவீதத் தூள் என்றால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு முதலாவதுக்கு 3 கிராம், இரண்டாவதுக்கு 14 கிராம். 5 சதவீதத் திரவம் என்றால், முதலாவதுக்கு ஒரு பங்கு திரவத்துக்கு 49 பங்கு தண்ணீர், இரண்டாவதுக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. பத்து லீற்றர் வாளி நிறைய 0.1 சதவீதக் கரைசல் வேண்டுமானால் 200 மில்லிலீற்றர் திரவம் ஊற்ற வேண்டும். ஒரு மூடி அல்ல, ஒரு தேநீர்க் கோப்பை அளவு. தூளை ஒருமுறை தராசில் நிறுத்து, அது எந்தக் கரண்டியில் எவ்வளவு என்று குறித்து வைத்துவிட்டால் பிறகு கண்ணளவுக்கு இடமிராது. தூள் முழுதாகக் கரையாது. சுண்ணாம்பு அடியில் படியும். கலக்கிச் சிறிது நேரம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் வடித்து எடுக்க வேண்டும்.

குளோரீனுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று வெப்பம். ஐப்போகுளோரைற்றுத் திரவம் இருந்த இடத்திலேயே சிதையும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் அந்த வேகம் மூன்று நான்கு மடங்காகும். குளிர்நாட்டுக் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் வலுவோடு இருக்கும் போத்தல், கூரைத் தகரத்தின் கீழ் சித்திரை வெயிலில் கிடந்தால் அப்படி இருக்காது. தூளும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குளோரீனை இழக்கும். மூடி சரியாக இறுகாத பையில் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான். ஐதாக்கிய கரைசலை அன்றன்றே செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும். நேற்றைய வாளியை இன்று நம்பக்கூடாது.

மற்றப் பகைவன் அழுக்கு. குளோரீன் கிருமிக்கும் சேற்றுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. மீன் செதில், பால், இரத்தம், சேறு எதைக் கண்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அழுக்கு இருக்கும் தரையில் குளோரீன் ஊற்றுவது காசைக் கானுக்குள் ஊற்றுவது. முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அலசிய பிறகே குளோரீன். இந்த வரிசையை மாற்றினால் வேறெந்தக் கணக்கும் பலிக்காது.

கிணற்றுத் தண்ணீர் செய்கிற வேலை

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் ஊறி இறங்கும் போது கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் படிவும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான். இந்த வன்னீர் தொற்றுநீக்கியையும் பாதிக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அதிகம் பாதிக்கப்படுவது, இன்று பூட்சிற்றி போன்ற பெரிய கடைகளின் தட்டுகளில் வரிசையாக நிற்கும் நறுமணத் தரைத் திரவங்கள். முற்காலத்தில் லைசோல் என்றால் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரெசோல். அதே பெயரில் இன்று தரைக்கு விற்கப்படுவதில் இருப்பது பென்சல்கோனியம் குளோரைட்டு. நான்காம்நிலை அமோனியம் சேர்வைகள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மூலக்கூறு நேர் ஏற்றம் உடையது. எதிர் ஏற்றமுள்ள பற்றீரியாவின் மேற்பரப்பில் போய் ஒட்டி, அதன் மென்சவ்வைக் கிழித்து உள்ளிருப்பதை ஒழுகவிடும். மணம் மென்மை, தோலுக்கு அதிகம் எரிச்சல் இல்லை, உலோகத்தை அரிக்காது. அன்றாடத் தரைக்கு இதில் குறை சொல்ல அதிகமில்லை.

ஆனால் வன்னீரில் உள்ள கல்சியமும் மகனீசியமும் நேர் ஏற்றமுள்ளவையே. அவை பற்றீரியாவின் மேற்பரப்பில் இந்த மூலக்கூறு ஒட்ட வேண்டிய இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் தரமான உற்பத்தியாளர்கள் தம் திரவத்தை எவ்வளவு வன்மையுள்ள நீரில் சோதித்தார்கள் என்று குறிப்பிடுகிறார்கள். இலங்கையின் குடிநீர்த் தரம் வன்மைக்கு விதிக்கும் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டுகின்றன. மழைநீர்ப் பீலி வைத்துச் சேகரிக்கிறவர்கள் அந்த நீரைக் கொண்டு இந்தத் திரவத்தைக் கலந்தால் அதன் முழு வலு கிடைக்கும்.

இரண்டாவது தடை சவர்க்காரம். சவர்க்கார மூலக்கூறு எதிர் ஏற்றமுள்ளது. நேர் ஏற்றமுள்ள தொற்றுநீக்கியோடு அது சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துப் படிவாக்கி இரண்டும் செயலிழக்கும். சவர்க்காரத் தூள் கரைத்த வாளியிலேயே நறுமணத் திரவத்தையும் ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. இரட்டைப் பலம் என்று நினைத்துச் செய்வது, வெறும் மணமுள்ள தண்ணீரில் முடிகிறது. மூன்றாவது தடை துணி. பருத்தி இழை இந்தச் சேர்வையை உறிஞ்சித் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய சாரத்தைக் கிழித்த துணியை வாளிக்குள் ஊறப் போட்டால், தரைக்கு வருவது நீங்கள் கலந்த செறிவு அல்ல. செயற்கை இழைத் துணியால் துடைப்பது மேல்.

வன்னீர் குளோரீனை இந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. காரத்தன்மை கூடிய நீரில் அது கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். ஆனால் 0.1 சதவீதத்தில் அதை ஈடுசெய்ய வேண்டிய மிச்சம் தாராளமாக இருக்கிறது. நமது மண்ணுக்கு ரி.சி.எல். தூள் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதியாக ஐதாக்கினால் பாதி வேலை நடக்குமா?

இதுதான் தொற்றுநீக்கிகளை ஒப்பிடும் போது மிகக் குறைவாகப் பேசப்படும் கேள்வி. என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுவே. 1908இல் லண்டனில் ஹரியற் சிக் என்ற ஆய்வாளர், கிருமிகள் தொற்றுநீக்கியில் எந்த வேகத்தில் சாகின்றன என்பதற்கு ஒரு விதியை வகுத்தார். அதே ஆண்டு வாட்சன், செறிவு மாறினால் அந்த வேகம் எப்படி மாறும் என்பதைச் சேர்த்தார். அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதம்.

குளோரீனையும் நான்காம்நிலை அமோனியத்தையும் பாதியாக ஐதாக்கினால், அதே வேலையைச் செய்யக் கிட்டத்தட்ட இரு மடங்கு நேரம் எடுக்கும். பொறுத்துக்கொள்ளலாம். பீனோலின் கதை வேறு. ஐதாக்கும் போது நேரம் எந்த அடுக்கில் கூடும் என்று காட்டும் அதன் அடுக்கெண் ஏறத்தாழ 6. பாதியாக ஐதாக்கினால் இரண்டை ஆறு தடவை பெருக்கி, 64 மடங்கு நேரம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்குப் பத்தரை மணிநேரத்துக்கு மேல். மூன்றிலொன்றாக ஐதாக்கினால் 729 மடங்கு. பினாயிலும் டெற்றோலும் பீனோல் வழிவந்தவைதான். டெற்றோலில் இருப்பது 4.8 சதவீதக் குளோரோசைலினோல். பத்து லீற்றர் வாளிக்கு 25 மில்லிலீற்றர் ஊற்றுகிறோம் என்றால் 400 மடங்கு ஐதாக்கிவிட்டோம். அந்த வாளி இன்னும் மணக்கும். இன்னும் பாலாக இருக்கும். ஆனால் பீனோல் குடும்பத்தின் செங்குத்துச் சரிவில் அது எங்கோ அடியில் கிடக்கிறது. பால் நிறமும் கிருமியோடு தொடர்புடையதல்ல. எண்ணெய்த் துளிகள் நீரில் சிதறி ஒளியைச் சிதறச் செய்வதால் வரும் நிறம் அது.

பினாயில் விடயத்தில் இன்னொரு கவலையும் உண்டு. சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் நிரப்பி முகப்புச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் வெள்ளைத் திரவத்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. செறிவு தெரியாத பொருளை எவ்வளவு ஐதாக்குவது? அதைவிடக் கொடியது, பால் நிறத் திரவம் குடிக்கும் போத்தலில் குசினி மூலையில் நிற்பது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இதை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் தொட்டிலையும் பாயையும் பீனோல் வகையால் துடைக்கவும் கூடாது. ஆஸ்பத்திரிகளின் குழந்தைப் பிரிவுகளில் இவற்றால் குழந்தைகளுக்கு இரத்தத்தில், உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருள் ஏறியது கண்டறியப்பட்டு, அங்கே இவை விலக்கப்பட்டன. பூனைகளின் ஈரல் பீனோலைச் சிதைத்து வெளியேற்றப் பெரும்பாடு படும். பினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு.

மதுசாரத்தின் சரிவு இன்னும் செங்குத்தானது. அடுக்கெண் 10 அளவில். 70 சதவீதத்தில் நொடிகளில் கொல்வது 35 சதவீதத்தில் ஆயிரம் மடங்கு மெதுவாகும். 2020இல் கைச்சுத்தத் திரவம் கிடைக்காத நாள்களில், பனஞ்சாராயத்தால் துடைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கடையில் விற்கப்படும் சாராயத்தில் மதுசாரம் பெரும்பாலும் 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே அது இந்த வேலைக்கு ஆகாது. மறுபக்கம், 100 சதவீதத்துக்கு நெருங்கிய தூய மதுசாரமும் 70ஐவிட மோசம். புரதம் சிதைவதற்குத் தண்ணீரும் வேண்டும். கைத்தொலைபேசி, வெப்பமானி, ஆளிச் சொடுக்கி, கண்ணாடிச் சட்டகம் போன்ற சிறிய பொருள்களுக்கு மதுசாரம் மிக நல்லது. தரைக்கு ஊற்றக்கூடாது. விளக்கு ஏற்றும் சாமியறைக்கும் அடுப்படிக்கும் அருகே வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும். ஹெப்பற்றைற்றிஸ் ஏ போன்ற உறையில்லாத வைரசுக்கும் அதை நம்ப முடியாது.

ஐதரசன் பெரொட்சைட்டு இங்கே அரிதாகவே தரைக்குப் பயன்படுகிறது. மருந்துக் கடையில் காயத்துக்கு விற்கும் 3 சதவீதக் கரைசல் பரப்புகளுக்கும் நல்லது. முடிவில் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும். விலையும், வெளிச்சத்தில் சிதையும் குணமும் அதன் குறைகள்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2020இல் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்காத வீடு குறைவு. மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. விலை தலைக்கு மேல் ஏறியது. பாக்கு நீரிணை வழியாகப் படகில் மஞ்சள் கடத்துமளவுக்குப் போனது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஆய்வுகூடத்தில் சில பற்றீரியாக்களைத் தடுப்பது உண்மை. ஆனால் அது தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். வாளியில் மிதக்கும் மஞ்சள் தூள் கதவு நிலையில் படிந்த வைரசை ஒன்றும் செய்யாது. மங்கலத்துக்காகத் தெளிக்கலாம், அதை நான் மதிக்கிறேன். நோயாளியின் அறைக்கு அது மாற்று அல்ல. அதே காலத்தில் வீதிகளிலும் வாகனங்களிலும் ஆள்களின் மீதும் குளோரீன் விசிறப்பட்டதும் இதே போன்ற மன ஆறுதல்தான். வீதித் தூசியில் குளோரீன் உடனே செயலிழந்துவிடும். ஆள்கள் மீது எந்த நிலையிலும் தெளிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னது. கண்ணும் சுவாசப்பையும் எரிந்ததுதான் மிச்சம்.

ஈரமாக இருக்கும் நேரம்

எந்தப் பொருளானாலும் பரப்பு ஈரமாக இருக்கும் வரைதான் அது வேலை செய்கிறது. குளோரீன் கரைசலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வைகாசி மதியத்தில் மின்விசிறி சுழலும் அறையில் துடைத்த தரை அதற்குள் காய்ந்து மின்னும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாராளமாக ஈரமாக்கி, தேவையானால் இன்னொருமுறை நனைக்க வேண்டும். கதவையும் யன்னலையும் திறந்து வைத்து, காலையிலோ மாலையிலோ செய்வது நல்லது.

எந்தப் பரப்பு என்பதையும் பார்க்க வேண்டும். குளோரீன் அலுமினியத்தையும், நேரம் கடந்தால் துருவேறா உருக்கையும் அரிக்கும். பத்து நிமிடம் கழித்து அலசித் துடைத்துவிட வேண்டும். மீன் வெட்டும் மரப்பலகையில் கீறல்களுக்குள் புகுந்த சதைத் துணுக்கு குளோரீனைத் தின்றுவிடும். தும்பால் உரசிக் கழுவி, குளோரீன் பூசி, அலசி, வெயிலில் நிமிர்த்தி வைப்பதே முறை. நமது வெயில் இலவசமான உதவி. ஆழக் கீறல் விழுந்த பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மலசலகூடத்துக்கு ஊற்றும் நீல நிற, கடுமையான திரவங்கள் பல ஐதரோகுளோரிக் அமிலம். வன்னீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கறையைக் கரைப்பதே அவற்றின் முதன்மை வேலை. நமது ஊரில் அது உண்மையிலேயே தேவை. ஆனால் சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் பழைய வீட்டுச் சிவப்புத் தரையிலும் அது பட்டால் பரப்பையே தின்னும், ஏனென்றால் அவற்றிலும் சுண்ணாம்பே இருக்கிறது.

அந்த அமிலத்தோடு குளோரீன் திரவம் சேர்ந்தால் நச்சுக் குளோரீன் வாயு எழும். கதவு மூடிய சிறு மலசலகூடத்தில் இது ஆளைச் சாய்த்துவிடும். முதலில் அமிலம் ஊற்றி, பலன் போதவில்லை என்று மேலே வெளுப்புத் திரவம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வினாகிரி, தேசிக்காய்ச் சாறு ஆகியவையும் அமிலங்களே. அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். ஒரு பொருளை ஊற்றினால் அதைத் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவிய பிறகே மற்றது. கண் எரிந்து இருமல் எழுந்தால் கழுவி முடிக்க நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

வெள்ளம் வடிந்த வீட்டுக்கு

மாரியில் இது திரும்பத் திரும்ப வரும் தேவை என்பதால் தனியே சொல்கிறேன். சப்பாத்தும் கையுறையும் போட்டுக்கொண்டு சேற்றை முழுதாக வழித்து அள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் தரையையும், வெள்ளம் ஏறிய கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். அலசுங்கள். பிறகு 0.1 சதவீதக் குளோரீன். மலக்குழி பொங்கி வழிந்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 0.5. பத்து நிமிடம் விட்டு அலசி, முடிந்தவரை விரைவாக உலரவிடுங்கள். பாத்திரங்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம், கொதிநீர் போதும். சேறு ஊறிய மெத்தையையும் தலையணையையும் எந்த இரசாயனமும் மீட்காது. கிணற்றுக்குத் தூள் போடும் கணக்கு இதிலிருந்து வேறு. கிணற்றின் விட்டமும் நீர் ஆழமும் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவே சரி.

சாதாரண நாள்களில், நோயாளி இல்லாத வீட்டில், தரைக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. தொற்றுநீக்கி வேண்டிய இடங்கள் சிலவே: கைபிடிகள், குழாய்த் திருகுகள், வெட்டுப்பலகை, மலசலகூடம். நாள்தோறும் தரை முழுவதும் ஊற்றுகிறவர்கள் அது எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர், வளவுக்குள் இருக்கும் குழிக்கே போகிறது. அந்தக் குழிக்குள் மலத்தைச் சிதைப்பவையும் பற்றீரியாக்களே. போத்தல் போத்தலாகப் பினாயிலும் நான்காம்நிலை அமோனியமும் இறங்கினால் அவை செத்து, குழி வேலை நிறுத்தும். சிதையாத கழிவு சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். இரண்டு பரப்பு அளவுள்ள சிறு காணியில் இரண்டு வீடும் இரண்டு கிணறும் இருக்கும் நகரத்து ஒழுங்கைகளில் அந்த 50 அடியை எங்கே தேடுவது? அங்கே இருப்பவர்கள் குழிக்குள் எதை, எவ்வளவு அனுப்புகிறார்கள் என்பது அவர்களது கிணற்றை மட்டுமல்ல, வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும் பாதிக்கும்.